முப்பத்தெட்டு ஆணிகள்

"அப்போ எங்க மூக்கெல்லாம் மூக்கு இல்லியா மேடம்? கொடமொளகாயா?"

"ஜெயசீலி, நான் உன்னை மதிச்சுதான் பேசறேன். நீயும் மரியாதையா பேசு."

"மரியாதையாத்தான் கேக்கறேன். கோட்டுக்கு அந்தாண்ட நிக்கிற முப்பத்தெட்டு பேருக்கும் காலர்ல கிளிப்பு மாட்டியிருக்கீங்க. இந்தாண்ட நாங்க நாப்பத்தோரு பேரு. எங்களுக்கு இன்னா? கூரையில ஒரு ஃபேனு. அண்ணாந்து பாத்துக்க வேண்டியதுதான்."

"உங்க பக்கத்துக்கு மாநில விதி. ஃபேன் வாயில எவ்ளோ காத்து வருதுன்னுதான் அது அளக்கச் சொல்லுது. அந்த அளவு வருது. நானே அளந்து கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"ஃபேனா மேடம் பேட்டரி பிரிக்குது? நாங்கதான பிரிக்கிறோம். எங்க மூக்காண்ட அளந்தீங்களா?"

"மூக்குகிட்ட அளக்கறது மத்திய விதி. அது ரயில் பேட்டரி பக்கத்துக்கு மட்டும்தான் செல்லும். சட்டத்தை நான் எழுதல."

நான் அப்போது காற்றுக் குழாய்க்குள் குப்புறப் படுத்துத் தூசி சுரண்டிக்கொண்டிருந்தேன். தகரக் குழாய் அப்படித்தான். கீழே யாராவது தும்மினால்கூட உள்ளே இருப்பவன் காதில் வந்து விழும். கேட்கக்கூடாது என்றாலும் காதைக் கழற்றி வைக்க முடியாதே. அதுவும் சண்டை போடுகிறவள் என் கூடப் பிறந்த தங்கச்சி.

என் பெயர் அருளப்பன். வயது ஐம்பத்திரண்டு. ஃபேன் மெக்கானிக். எழுதிப் பழக்கம் இல்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டி தாண்டி, பழைய பேட்டரிகளைப் பிரித்து உள்ளே இருக்கிற உலோகத்தை எடுக்கும் ஒரு கம்பெனி. ஒரே ஷெட். நடுவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு வடக்கே ரயில் பேட்டரி. அது மத்திய அரசு ஆர்டர், அதனால் மத்திய விதி. தெற்கே ஸ்கூட்டர் பேட்டரி, அதற்கு மாநில விதி. கிரேன் இரண்டு பக்கமும் போய்வர வேண்டும் என்பதால் நடுவில் சுவர் இல்லை.

காற்றுக்கு எங்கே கோடு தெரியும் என்று முதலில் சிரித்தோம். ஆனால் காத்தாயிக்குத் தெரியும்.

காத்தாயி என்பது ஃபேன் ரூமில் இருந்த பெட்டி. எந்த மூலைக்கு எவ்வளவு காற்று போகவேண்டும் என்று அதுவேதான் முடிவு செய்யும். மனிதன் கை வைக்கக்கூடாது. ஈயத்தில் முத்திரை வைத்திருந்தார்கள்.

கீழே மிருணாளினி மேடம் குரல் இறங்கியது. அவர்தான் பாதுகாப்பு அதிகாரி. கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

"இங்க பாரு சீலி. கிளிப்பு வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம். அது சிவப்பாச்சுன்னா லைன் எட்டு நிமிஷம் நின்னுடும். டார்கெட் எப்படி முடிப்ப?"

"உயிரோட முடிப்பேன். சரி, ஒண்ணு கேக்கறேன். ஒரு மோட்டாரு நின்னுபோச்சுன்னா காத்தாயி யாருக்குக் காத்து குடுக்கும்?"

மேடம் காகிதங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்க."

"மத்தியப் பக்கத்துக்கு. அதை மீறினா கம்பெனிக்குப் பூட்டு. மாநில விதியை மீறினா நோட்டீஸ் வரும். அதுக்கு ஏத்த மாதிரிதான் பெட்டியில எழுதி வெச்சிருக்காங்க."

"நோட்டீஸ்ஸா. எங்க உசுரு ஒரு கடுதாசி."

"தீ கீ பிடிச்சா வடக்கு கேட் இருக்கில்ல? எல்லாரும் அது வழியா போயிடலாம்."

"அது பூட்டிக்கும்னு சொன்னாங்களே?"

"விஷப்புகை ஊருக்குள்ள போகக்கூடாதுன்னு பூட்டிக்கும். ஆனா ஒரே ஒரு கிளிப்பு சிவந்தாலும் தானா தொறந்துடும். ஆளுக்கு ஆபத்துன்னா ஆளுதான் முக்கியம். அது மத்திய விதி. நல்ல விதி."

நல்ல விதிதான். நான் குழாய்க்குள் அசையாமல் கிடந்தேன். ஏனென்றால் அந்தக் கிளிப்புகள் எங்கே இருந்தன என்று எனக்கு மட்டும் தெரியும்.

அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிளிப்பு என்பது பட்டாணி அளவு விளக்கு வைத்த சின்ன சாமான். காலரில் மாட்டினால் நீங்கள் இழுத்து விடுகிற காற்றை முகர்ந்து பார்க்கும். நல்லது என்றால் பச்சை. கெட்டது என்றால் சிவப்பு, கூடவே லைன் நின்றுவிடும். ஒரு ஷிப்டில் பத்துப் பன்னிரண்டு தடவை நிற்கும். அந்த நேரத்தை ஷிப்டு முடிந்ததும் நின்று ஈடுகட்ட வேண்டும். கம்பெனி பஸ் போய்விடும்.

வடக்குப் பக்கத்து லைன் ஆள் தணிகைவேல். முப்பது வயது, ஆளைத் தூக்கி எறிகிற உடம்பு. என்னை மாமா என்பான், உறவெல்லாம் கிடையாது. ஒரு சனிக்கிழமை டீயோடு வந்தான்.

"அருளு மாமா, ஏழாம் நம்பர் ஜன்னலாண்ட காத்து சும்மா ஜில்லுனு வருதே, அந்தச் செவுத்துல ரெண்டு ஆணி அடிச்சுக் குடேன்."

ஏழாம் நம்பர் என்பது வெளிக்காற்று உள்ளே வருகிற கம்பி ஜன்னல். அடுக்கு ராக்குகளுக்குப் பின்னால், ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. கேமரா எட்டாது.

"எதுக்குடா ஆணி?"

"சட்டை மாட்ட."

"சட்டையா, கிளிப்பா?"

சிரித்தான். "நீ மெக்கானிக்கு இல்ல மாமா, சிஐடி."

இரண்டு ஆணி என்றவன் அடுத்த வாரம் பத்து என்றான். கடைசியில் முப்பத்தெட்டு. நான்தான் அடித்தேன், ஒரு சாண் இடைவெளியில், வரிசையாக. காலையில் வந்ததும் கிளிப்பை மாட்டிவிட்டுப் போவார்கள். நாள் முழுக்க முப்பத்தெட்டும் பச்சை. லைன் ஒரு தடவைகூட நிற்கவில்லை. எனக்கு மாதம் முழுக்க டீ இலவசம்.

அவர்களுக்குக் கிளிப்பு என்பது கோள்மூட்டி. அவ்வளவுதான் தெரியும். கிளிப்பு இருக்கிற இடத்தில்தான் ஆள் இருப்பதாகக் காத்தாயி நினைக்கும், அங்கேதான் காற்றை அனுப்பும் என்பது தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு மோட்டாரும் ஓடுகிறவரை எல்லா மூலைக்கும் காற்று தாராளம். அதனால் என்ன கெட்டுப்போகும் என்று நினைத்தேன்.

சண்டை போட்ட அன்று சாப்பாட்டு நேரத்தில் சீலி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. ஸ்கூட்டர் பேட்டரியைப் பிளந்தால் அழுகின பழம் மாதிரி ஒரு தித்திப்பு வாசனை வரும். அது அவள் புடவையிலேயே ஊறிப் போயிருந்தது.

"அண்ணா, மேடத்தாண்ட சொல்லி என்னை வடக்க மாத்திவுடு. தலை வெடிக்குது. படுத்தா நெஞ்சு மேல யாரோ குந்திக்கின மாதிரி கீது."

"பேசறேன்."

"எப்போ?"

"பண்டிகை முடியட்டும்."

"எந்தப் பண்டிகை? நமக்குப் பண்டிகை கிறிஸ்மஸ்ஸு. இது ஜூலை மாசம்."

நான் சிரித்து மழுப்பினேன். மேடத்திடம் போனால் அவர் என் கண்ணைப் பார்த்துப் பேசுவார். வடக்குப் பக்கத்து அளவெல்லாம் இவ்வளவு சுத்தமாக வருகிறதே எப்படி என்று ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டிருந்தார். ஆணி விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயந்து, என் தங்கச்சிக்காகப் போய்ப் பேசவே இல்லை. அவள் என் தட்டிலிருந்து கருவாட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு, "நீ பேசமாட்ட, எனக்குத் தெரியும்" என்று எழுந்து போனாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே முக்கால்.

தெற்குப் பக்கத்தில் ஊதிப்போயிருந்த ஒரு பேட்டரி வெடித்தது. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பது சும்மா இருக்காது. பட்பட்பட் என்று வரிசையாக வெடித்தது. நான் மேலே ஃபேன் ரூமில் இருந்தேன். தரை அதிர்ந்தது. தெற்குப் பக்கத்து மின்கம்பிகள் எரிந்து ஒரு மோட்டார் நின்றது. அந்தப் பக்கத்து வாசலின் உருட்டுக் கதவுக்கும் கரண்ட் இல்லை, திறக்காது. காத்தாயி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தெற்குப் பக்கத்துக் காற்றுக் கதவுகளைப் படபடவென்று மூடியது. மிச்சம் இருந்த காற்றையெல்லாம் வடக்கே திருப்பியது. புகை ஊருக்குள் போகாமல் வடக்கு கேட்டையும் பூட்டியது.

காத்தாயியின் திரையைப் பார்த்தேன். தெற்கே ஒரு புள்ளியும் இல்லை. கிளிப்பு இல்லாதவர்களுக்குப் புள்ளி கிடையாது. நாற்பத்தோரு பேர் நிற்கிற இடம் காலி மைதானம் மாதிரி தெரிந்தது. வடக்கே முப்பத்தெட்டு புள்ளி, எல்லாம் ஏழாம் நம்பர் ஜன்னல் பக்கம். எல்லாம் பச்சை.

அப்பாடா, புத்திசாலிகள், நல்ல காற்று வருகிற இடத்துக்கு ஓடிவிட்டார்கள் என்று நினைத்தேன். சீலியையும் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்தேன். தீயணைப்புக்குப் போன் செய்தேன். முகவரி சொன்னேன். எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்றுகூட நிதானமாகச் சொன்னேன்.

இரண்டு நிமிடம். நான் ஆணி அடித்தவன். எனக்கே அது ஞாபகம் வர இரண்டு நிமிடம் ஆனது.

திரையில் புள்ளிகள் அசையவில்லை. உயிருக்குப் பயந்த கூட்டம் ஒரு நொடி சும்மா நிற்குமா? முப்பத்தெட்டு புள்ளியும் ஒரு சாண் இடைவெளியில், வரிசையாக, ஆடாமல் நின்றன.

அதற்குப் பிறகு என் கை என்ன செய்தது என்று முழுசாக நினைவில்லை. பைப் ரெஞ்சால் ஈய முத்திரையை அடித்து உடைத்தேன். உள்ளே கைவிட்டு ஃபியூசைப் பிடுங்கினேன். உள்ளங்கை கருகியது. காத்தாயி செத்ததும் வடக்கு கேட்டின் பூட்டு விட்டது. ரெஞ்சைக் கையிலேயே பிடித்துக்கொண்டு இரும்புப் படியில் இறங்கினேன்.

கீழே நான் பார்த்ததைச் சொல்கிறேன். மனசு தாங்காதவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போங்கள்.

மஞ்சள் கோட்டின் மேல் தள்ளுவண்டிகளைக் கவிழ்த்து அணை கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் புகையிலிருந்து சீலியின் ஆட்கள் ஏறி ஏறி வந்தார்கள். இந்தப் பக்கம் வடக்கு லைன் ஆட்கள், கூடச் சேர்ந்து பிரியாணி தின்றவர்கள், இரும்புக் கம்பியாலும் பேட்டரி மூடியாலும் அடித்துத் தள்ளினார்கள். ஒருவன், வண்டியைப் பற்றி ஏற வந்த ஒரு கையின் விரல்களை மூடியின் விளிம்பால் நசுக்கிக்கொண்டே இருந்தான். அந்தக் கை ஏற்கெனவே வண்டியை விட்டிருந்தது, அவன் நிறுத்தவில்லை. ஒரு அம்மா கோட்டின் மேலேயே விழுந்து கிடந்தாள். அவள் முதுகில் கால் வைத்து இன்னொருவன் ஏறினான். அவன் வாயில் அடி விழுந்தது. பல் தெறித்து என் சட்டையில் பட்டது.

"வராத! வந்தா காத்து பத்தாது! எல்லாரும் செத்துடுவோம்!" கத்தியது தணிகைவேல். கையில் கடப்பாரை. அவனும் இருமினான், மூக்கில் ரத்தம், வாயில் நுரை. அவன் நின்ற இடத்திலும் காற்று இல்லை. அவனுக்கு அது புரியவில்லை. இன்னும் கொஞ்சம் காற்று தன் பக்கத்தில் மிச்சம் இருக்கிறது, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தான்.

சீலி வண்டியின் மேல் ஏறிவிட்டாள். "தணிகை, நான்தாண்டா" என்றாள்.

அவன் பார்த்தான். அவளை அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் குழந்தைக்குக் காதுகுத்தியபோது வந்து பாத்திரம் தேய்த்தவள். கடப்பாரையை ஓங்கி இறக்கினான்.

தேங்காய் உடைக்கிற சத்தம் என்று சொல்வார்கள். அப்படி இல்லை. ஈரத்துணியை அறைகிற மாதிரி இருந்தது.

நான் ரெஞ்சால் அவனை அடித்தேன். தோளில் ஒன்று. விழுந்த பிறகு முகத்தில் இரண்டு. மூன்றாவதும் ஓங்கினேன். யாரோ என் கையைப் பிடித்து, "கேட்டு தொறந்துக்கிச்சு, ஓடு" என்று இழுத்தார்கள். அந்த நொடியில் எல்லோரும், அடித்தவனும் அடிபட்டவனும், ஒரே கூட்டமாகக் கேட்டைப் பார்த்து ஓடினார்கள். கோடு என்ற ஒன்று இல்லாத மாதிரி, அதை மிதித்துக்கொண்டு ஓடினார்கள்.

கேட் தூரம். சீலியைத் தூக்கிக்கொண்டு நான் ராக்குகளுக்குப் பின்னால் போனேன். பத்தே எட்டு வைத்தால் போதும்.

அங்கே புகை இல்லை. ஏழாம் நம்பர் ஜன்னலிலிருந்து காற்று சும்மா கடற்கரை மாதிரி அடித்தது. காத்தாயி செத்தாலும் மிச்ச மோட்டார் ஓடியது, அது திருப்பி வைத்த காற்றுக் கதவுகளும் அப்படியே நின்றன; ஆறு மூலைக்குப் போகவேண்டிய காற்று மொத்தமும் அந்தச் சந்தில். முப்பத்தெட்டு கிளிப்பும் ஆணியில் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றோடொன்று மோதி, டிக் டிக் என்று சத்தம்.

அவளைச் சுவரில் சாய்த்தேன். காற்றில் அவள் முடி பறந்தது. "இழு சீலி, நல்ல காத்து, இழும்மா" என்றேன். ஒரு கிளிப்பைப் பிடுங்கி அவள் மூக்குக்கிட்டே வைத்தேன், ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

பச்சை.

அவள் மூச்சு விடவில்லை. மூச்சு விடாத மூக்கில் காற்று எப்போதும் சுத்தம்தான்.

ஒன்பது பேர் செத்தார்கள். ஐந்து பேர் புகையில், நான்கு பேர் அடியில். மாநிலத்திலிருந்து வந்த அதிகாரி ஃபேன் வாய்க் கணக்கைப் பார்த்தார். மோட்டார் நிற்கிற வரை அளவு சரி, நின்றது விபத்து என்று எழுதினார். மத்திய அதிகாரி கிளிப்புப் பதிவைப் பார்த்தார். வெடித்த நேரத்திலிருந்து கடைசி வரை முப்பத்தெட்டு மூக்கிலும் நல்ல காற்று. குறையே இல்லை. இரண்டு விதியும் நூற்றுக்கு நூறு. ஒன்பது பிணம்.

நான் விசாரணையில் எழுந்து ஆணி விஷயத்தைச் சொன்னேன். அதற்கு முந்தின நாளே கம்பெனியில் ஆணிகளைப் பிடுங்கிச் சுவரில் சிமெண்ட் பூசச் சொல்லியிருந்தார்கள். பூசியதும் நான்தான். பிடுங்கிய ஆணிகளை டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசையில் கொட்டினேன். மிருணாளினி மேடம் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு கண் போன தணிகைவேலை இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னுது எத்தினியாவது ஆணி மாமா?" என்று கேட்டான்.

"பன்னண்டு."

"அங்க காத்து வந்துச்சா?"

"வந்துச்சு."

அவன் அழுதான். எனக்கு அவன்மேல் இருந்த கோபம் அன்றைக்கும் குறையவில்லை, இன்றைக்கும் குறையவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை மறக்க முடியவில்லை.

என் வேலை போனது. ஒன்றரை வருடம் உள்ளே இருந்தேன். நான் வெளியே வருவதற்குள் சட்டத்தை மாற்றியிருந்தார்கள். மாநில விதி, மத்திய விதி என்ற பேதம் இல்லை. எல்லா ஷெட்டுக்கும் கிளிப்பு. அதுவும் கழற்ற முடியாதபடி யூனிபார்ம் சட்டைக் காலரிலேயே வைத்துத் தைத்துவிட்டார்கள். ஒன்பது பேர் உயிரைக் கொடுத்து வாங்கிய சட்டம் என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன். சீலி கேட்டது கடைசியில் கிடைத்தது.

போன மாதம் வேறு ஊரில், வேறு கம்பெனியில் கூலி வேலைக்குச் சேர்ந்தேன். செருப்புக்குப் பசை ஒட்டுகிற ஷெட். என்னை அங்கே யாருக்கும் தெரியாது. முதல் நாள் தரையைக் கூட்டிக்கொண்டே போய், வெளிக்காற்று வருகிற ஜன்னலுக்குப் பின்னால் திரும்பினேன்.

சுவர் முழுக்கச் சட்டை. இருபத்தாறு நீலச் சட்டை, வரிசையாக, ஒரு சாண் இடைவெளியில். காற்றில் கை வீசி ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு காலரிலும் ஒரு பச்சைப் பொட்டு. ஆட்கள் அந்தப் பக்கம் பனியனோடு பசைச் சட்டிக்கு மேலே குனிந்திருந்தார்கள்.

பக்கத்தில் வந்த ஒரு பெரியவரைக் கேட்டேன். "இந்த ஆணியெல்லாம் யாரு அடிச்சது?"

"யாருக்குங்க தெரியும்? நாங்க வேலைக்கு வர்றப்பவே இருந்துச்சு. ஏன், உங்களுக்கும் ஒண்ணு வேணுமா?"

அன்றைக்கே அவர்களுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். ஒரு பெண் கண் கலங்கினாள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன், இருபத்தேழு சட்டை.

இதைப் படிக்கிறவர்களில் ஷெட்டில், மில்லில், பட்டறையில் வேலை பார்க்கிறவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்கு வேலைக்குப் போனதும் காற்று வருகிற ஜன்னலுக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கே கீழே பதில் எழுதுங்கள். உங்கள் பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். எத்தனை ஆணி என்று மட்டும் எழுதுங்கள்.